மலை வழிகாட்டிக்கு எதற்குக் கூலி?

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஆண்டுதோறும் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஒரு காட்சியைப் பார்க்கலாம். பிரான்ஸ் நாட்டு ஷாமொனி ஊரிலிருந்து ஆறு பேர், எட்டுப் பேர் என்று சிறு சிறு குழுக்கள், முதுகில் பையும் காலில் பனிச்சறுக்குக் கட்டையுமாகக் கிளம்புகின்றன. எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆறு அல்லது ஏழு நாட்களில் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் ஊரில், மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் போய் இறங்குகின்றன. இடையில் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். பெரும்பகுதி பனியாறுகளும் கணவாய்களும்தான். இந்தப் பாதைக்கு 'ஓட் ரூட்' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் 'உயரமான பாதை' என்று பொருள்.

இந்தப் பாதையில் போகிறவர்களில் பலர் தொழில்முறை வழிகாட்டியை அமர்த்திக்கொண்டுதான் போகிறார்கள். வழிகாட்டிக்கான கட்டணம், மலைக்குடிலில் சாப்பாடு, படுக்கை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு வாங்கி, பல மாதம் உடற்பயிற்சி செய்து, இவ்வளவு பணமும் கட்டிவிட்டு வந்து நிற்கிறார் ஒருவர். ஐந்தாம் நாள் விடியற்காலையில் வழிகாட்டி வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இன்றைக்கு மேலே போக வேண்டாம். கீழே இறங்கி பஸ் பிடித்துப் போய்விடலாம்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? கோபம் வரத்தான் செய்யும். "பஸ்ஸில் போவதற்கா இத்தனை பணம் கட்டினோம்?" என்று கேட்கத்தான் தோன்றும்.

சிக்கலே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது ஸெர்மாட் போய்ச் சேர்வதற்கா? அல்லது போகக் கூடாத நாளில் 'வேண்டாம்' என்று சொல்வதற்கா? முதலாவதுதான் என்று நினைத்துக்கொண்டு மலைக்கு வருகிறவர் தன் உயிரோடு வழிகாட்டியின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

பயணம் எப்படிப்பட்டது?

பனிச்சறுக்கு என்றதும் சினிமாவில் பார்த்த காட்சிதான் பலருக்கும் நினைவு வரும். கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் மேலே போய், சீர்செய்த சரிவில் சர்ரென்று சறுக்கிக் கீழே வருவது. ஓட் ரூட்டில் நடப்பது வேறு. இங்கே ஏறுவதும் சொந்தக் காலில்தான். சறுக்குக் கட்டையின் அடியில் ஒட்டும் நீளமான பட்டை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கடல்நாயின் தோலில் செய்தார்கள். இப்போது நைலான், மொஹேர் இழைகளில் செய்கிறார்கள். பூனையின் முதுகை ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரப்பாகவும் இருக்குமே, அதே தத்துவம்தான். கட்டை முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காது. காலணியின் குதிகால் பகுதியை விடுவித்துவிட்டால் கட்டையோடு நடந்தே மலை ஏறலாம். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்து, குதிகாலைப் பூட்டிக்கொண்டு மறுபக்கம் சறுக்கி இறங்க வேண்டும்.

இந்தப் பாதைக்கு நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலேய மலையேறிகள் கோடைகாலத்தில் நடந்து போகக் கண்டுபிடித்த பாதை இது. 1903-இல் ஷாமொனியைச் சேர்ந்த மருத்துவர் மிஷெல் பயோ என்பவர் சில வழிகாட்டிகளோடு குளிர்காலத்தில் சறுக்குக் கட்டையில் இதைக் கடக்க முயன்றார். அன்றிலிருந்தே பனிச்சறுக்குப் பயணங்களில் இதற்குத் தனி மரியாதை.

ஒவ்வொரு நாளும் ஒரு மலைக்குடிலிலிருந்து அடுத்த மலைக்குடிலுக்குப் பயணம். 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஷாமொனியில் தொடங்கி, அர்ஜாந்தியேர் பனியாறு, ஷார்தொனே கணவாய், திரியான் குடில் என்று போகிறது. பிறகு பள்ளத்தாக்கில் இறங்கி, பலரும் ஒரு வண்டி பிடித்து வெர்பியே ஊருக்குப் போய் மறுபடி ஏறுகிறார்கள். அதன்பின் பிராஃப்ளூரி குடில், டீஸ் குடில், வின்யெத் குடில். கடைசி நாள்தான் மிகப் பெரியது. லெவெக், மோன் ப்ரூலே, வால்பெலின் என்று மூன்று கணவாய்களை ஏறி இறங்கி, 3,500 மீட்டருக்கும் மேலிருந்து மாட்டர்ஹார்னின் வடக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டே ஸெர்மாட் வரைக்கும் சறுக்கி வரலாம். உலகத்திலேயே அழகான சறுக்குப் பாதைகளில் இதுவும் ஒன்று என்று சொல்கிறவர்கள் ஏராளம். அந்த ஒரு நாளுக்காகத்தான் பலர் மொத்தப் பயணத்துக்குமே பணம் கட்டுகிறார்கள் என்றாலும் தவறில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

இத்தனை வழியிலும் வழிகாட்டி செய்கிற வேலை என்ன? பார்க்கிறவருக்கு, முன்னால் நடந்து தடம் போடுகிறார், அவ்வளவுதான். உண்மையில் அவர் பார்த்துக்கொண்டே இருப்பது மூன்று விஷயங்களை.

முதலாவது காலுக்குக் கீழே இருக்கும் பிளவு. பனியாறு என்பது ஆறு மாதிரியே மெதுவாக நகரும் பனிக்கட்டி. நகரும்போது பாளம் பாளமாக வெடிக்கும். அந்தப் பிளவுகளின் வாயைக் குளிர்காலப் பனி மெல்லிய பாலம் போல மூடிவிடும். பாலம் எது, கெட்டித் தரை எது என்று புதியவரின் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் தேவையான இடங்களில் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாவது தலைக்கு மேலே இருக்கும் சரிவு. சுமார் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் பனிச்சரிவு உண்டாகலாம். காற்று அள்ளிக்கொண்டு வந்து குவித்த பனியும், அடியில் பலவீனமான ஓர் அடுக்கும் சேர்ந்துவிட்டால் ஒருவர் கால் வைத்தாலே போதும், சரிவு முழுவதும் பெயர்ந்து வந்துவிடும். குழுவில் ஒவ்வொருவரும் மார்போடு கட்டிக்கொண்டு போகும் சிறு வானொலிக் கருவி, புதைந்த ஆளைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் நேரம் மிகக் குறைவு. சுவிஸ் நாட்டுப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வின்படி, முழுவதும் புதைந்தவர்களில் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்கள் பத்தில் ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். அரைமணி நேரம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஹெலிகாப்டர் வரும் வரைக்கும் மரணம் காத்திருக்காது. பக்கத்தில் நிற்கும் நண்பரின் மண்வெட்டிதான் கதி.

மூன்றாவது கடிகாரம். இரவுக் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏற ஏற இளகும். பாலம் பலவீனமாகும், சரிவு கனமாகும். காலை எட்டு மணிக்குப் பத்திரமாக இருக்கும் இடமே மதியம் ஒரு மணிக்கு ஆளை விழுங்கிவிடலாம். விடியுமுன்னே எல்லோரையும் வழிகாட்டி எழுப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான். தாமதமானால் அழகான அந்தப் பாதையே எதிரியாகிவிடும்.

இந்த மூன்றையும் கூட்டிக் கழித்து அவர் எடுக்கும் முடிவுதான் அவருடைய உண்மையான வேலை. அந்த முடிவு பல நேரம் 'போகலாம்' என்று இருக்கும். சில நேரம் 'வேண்டாம்' என்று இருக்கும். 'போகலாம்' என்று சொல்ல யாரும் தயார்தான். வானிலை முன்னறிவிப்பைப் பார்க்காத ஆள்கூட அதைச் சொல்லிவிடலாம். 'வேண்டாம்' என்று சொல்லத்தான் படிப்பும் அனுபவமும், எல்லாவற்றுக்கும் மேலாக நெஞ்சுரமும் வேண்டும்.

1820-இல் நடந்தது

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. 1820 ஆகஸ்ட் மாதம் ரஷ்யாவிலிருந்து வந்த ஜோசஃப் ஹாமெல் என்ற விஞ்ஞானி மோன் பிளாங் சிகரத்தில் ஏற வந்தார். கூடவே ஆங்கிலேயர் இருவர். உள்ளூர் வழிகாட்டிகள் பலர். வழியில் வானிலை கெட்டது. புதுப்பனி விழுந்திருந்தது. திரும்பிவிடலாம் என்ற எண்ணம் வழிகாட்டிகளுக்கு இருந்தது என்றும், வந்தவர்களின் பிடிவாதத்துக்கு இணங்கியே மேலே போனார்கள் என்றும்தான் ஷாமொனியில் இந்தக் கதை சொல்லப்படுகிறது. மேலே போகும்போது பனிச்சரிவு அடித்தது. மூன்று வழிகாட்டிகள் ஒரு பிளவுக்குள் விழுந்து புதைந்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1821-இல், ஷாமொனி வழிகாட்டிகள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்தார்கள். உலகின் முதல் மலை வழிகாட்டிகள் சங்கம் அது. இன்றும் இருக்கிறது. வேலையை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது, விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பொதுநிதியிலிருந்து உதவுவது ஆகியவை அதன் தொடக்ககால நோக்கங்கள். முறை வைத்துக்கொண்டதில் ஒரு நன்மை உண்டு. வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுக்கொண்டு "நான் கூட்டிப்போகிறேன், நான் கூட்டிப்போகிறேன்" என்று தலைப்பட வேண்டிய கட்டாயம் குறைந்தது. கூலிக்காரனாக இருந்தவன் முடிவெடுக்கும் உரிமையுள்ள தொழிலாளியாக மாறியதன் தொடக்கம் அந்த மூன்று உயிர்கள்தான்.

அந்த மூவரின் உடல்களை உடனே எடுக்க முடியவில்லை. பனியாறு அவற்றைச் சுமந்துகொண்டு மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தது. 1861-இல், 41 ஆண்டுகள் கழித்து, போசான் பனியாற்றின் அடிவாரத்தில் எச்சங்கள் வெளியே வரத் தொடங்கின. கூட ஏறிய வழிகாட்டிகளில் சிலர் கிழவர்களாக அப்போதும் உயிரோடு இருந்தார்கள். தோழர்களின் பொருட்களை அவர்களே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்கு மதிப்புக் கொடுக்காததன் கணக்கைப் பனியாறு நாற்பது ஆண்டு கழித்துக் கொண்டுவந்து வைத்தது.

சங்கிலிப் பயணம்

இன்றைக்கு வழிகாட்டி கூலிக்காரர் அல்ல. பல ஆண்டுப் பயிற்சி, கடுமையான தேர்வுகள், 1965-இல் தொடங்கிய சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் அங்கீகாரம் எல்லாம் உண்டு. சுவிட்சர்லாந்தில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. அப்படியிருந்தும் அவர் மேல் விழும் அழுத்தம் குறைந்துவிடவில்லை. வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஒற்றைச் சிகரம் ஏறுவது வேறு, ஓட் ரூட் போன்ற பயணம் வேறு. சிகரத்தில் இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். ஓட் ரூட் ஒரு சங்கிலி. இன்றிரவு இந்தக் குடில், நாளை இரவு அடுத்த குடில் என்று பல மாதங்களுக்கு முன்பே படுக்கை பதிவு செய்தாகிவிட்டது. ஒரு நாள் தங்கிவிட்டால் அடுத்தடுத்த குடில்களில் இடம் இருக்காது. ஸெர்மாட்டில் விடுதி, அங்கிருந்து ரயில், பிறகு விமானம், திங்கட்கிழமை அலுவலகம் என்று எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் அறுந்ததாகத் தோன்றும். இப்படிப்பட்ட பயணத்தில் யாரும் வாய் திறந்து வற்புறுத்தக்கூட வேண்டியதில்லை. அட்டவணையே வற்புறுத்தும்.

அதோடு வாடிக்கையாளரின் முகமும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டு மேசையில் "நாளைக்கு நிலைமை சரியாக இருக்காது போலிருக்கிறது" என்று வழிகாட்டி சொன்னதும் ஆறு முகங்கள் ஒரே நேரத்தில் வாடுவதைப் பார்ப்பது எளிதல்ல. பக்கத்து மேசைக் குழு "நாங்கள் போகிறோம்" என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம். அவருக்கும் இது பிழைப்பு. அடுத்த ஆண்டும் இவர்கள் வர வேண்டும், நான்கு பேரிடம் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் மனித மனத்தில் ஓடாமல் இருக்காது.

2018 ஏப்ரல்

2018 ஏப்ரல் 29-ஆம் தேதி இதே பாதையில் நடந்ததை ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தொழில்முறை வழிகாட்டி ஒருவர் தலைமையில் பத்துப் பேர் கொண்ட குழு டீஸ் குடிலிலிருந்து கிளம்பியது. சுமார் 3,790 மீட்டர் உயரமுள்ள பீன் தரோலா சிகரத்தின் வழியாக வின்யெத் குடிலுக்குப் போக வேண்டும். வானிலை கெடும் என்ற முன்னறிவிப்பு இருந்தது. வழியில் புயல் பிடித்துக்கொண்டது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, எதிரே இருப்பவரே தெரியாத நிலை. வேறொரு குழுவைச் சேர்ந்த நால்வரும் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் பதினான்கு பேர் கடுங்காற்றில் திறந்த வெளியில் இரவைக் கழிக்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் குடிலில் இருந்தவர்கள் பார்த்து மீட்புப்படைக்குச் சொன்னார்கள். வழிகாட்டி உட்பட ஏழு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் கிடந்த இடத்துக்கும் குடிலுக்கும் இடையே இருந்தது சில நூறு மீட்டர்தான்!

இதில் யார்மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்வது எளிது. இறந்தவர் வந்து பதில் சொல்லப்போவதில்லை. அதனால் அந்த வழக்கு இங்கே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. புயல் பிடித்தபின் எவ்வளவு திறமை இருந்தாலும் செய்வதற்கு மிகக் கொஞ்சமே மிச்சம் இருந்தது. பாடுபட்டு எடுக்க வேண்டிய முடிவு காலையில், கதகதப்பான குடிலுக்குள், கையில் தேநீர்க் கோப்பையோடு இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. அந்த நேரத்தில் வெளியே ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஆபத்துக்காகத் தெரிந்த திட்டத்தைக் கைவிடுவதுதான் உலகத்திலேயே கடினமான காரியம். குழுவில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது சின்ன விஷயமே அல்ல.

மூன்றாம் நிலை சொல்லும் பாடம்

சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது நாள்தோறும் பனிச்சரிவு அபாய அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்தை 1 முதல் 5 வரை நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதிகம் பேர் இறப்பது ஐந்தாம் நிலையில் என்றுதானே தோன்றும்? இல்லை. இறப்புகளில் சுமார் பாதி மூன்றாம் நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில் நடக்கின்றன. குளிர்கால நாட்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூன்றாம் நிலையில்தான் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. ஐந்து என்றால் யாரும் வெளியே போக மாட்டார்கள். நான்கிலும் பெரும்பாலோர் பயப்படுவார்கள். மூன்று என்றால், "நடுவில்தானே இருக்கிறது, பார்த்துப் போனால் போயிற்று" என்று தோன்றும். மலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற நாட்கள்தான்.

அமெரிக்காவில் இயன் மக்காமன் என்ற ஆய்வாளர் எழுநூறுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2000-களின் தொடக்கத்தில் சில முடிவுகளை வெளியிட்டார். பனியைப் பற்றி அறியாதவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை, அறிந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள் என்றார். பழகிய இடம் என்ற தைரியம், எடுத்த காரியத்தை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம், மற்றவர் போகிறாரே என்ற போட்டி, இவற்றோடு 'தலைவருக்கு எல்லாம் தெரியும்' என்ற மூடநம்பிக்கை. இவையெல்லாம் மனிதரைக் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போகின்றன என்பது அவர் கருத்து.

கடைசியாகச் சொன்னதை வழிகாட்டியோடு போகிறவர்கள் நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். வழிகாட்டியின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மறுபேச்சு இருக்கக் கூடாது. ஆனால் அவருடைய 'போகலாம்' என்ற சொல்லைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. "இன்றைய அறிக்கை என்ன சொல்கிறது? எந்த இடத்தில் சந்தேகம் வரும்? சந்தேகம் வந்தால் எந்த வழியாகத் திரும்புவோம்?" என்று ஒருவர் கேட்டால் நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார். யானைக்கும் அடி சறுக்கும். பனியில் யானைக்கு மட்டும் விதிவிலக்கு ஏது?

எதிர்வாதங்கள்

வழிகாட்டி வைத்துக்கொண்டு போவதே வீரமல்ல, பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. தானே வரைபடம் படித்து, தானே பனியைச் சோதித்து, தானே முடிவெடுத்துப் போகிறவர் கற்றுக்கொள்வது அதிகம்தான். ஆனால் மலை யாருடைய வீரத்தையும் அளந்து பார்ப்பதில்லை. 2024 மார்ச் மாதம் ஸெர்மாட்டிலிருந்து அரோலாவுக்குக் கிளம்பிய ஆறு பேர், தேத் பிளான்ஷ் மலைப்பகுதியில் புயலில் சிக்கினார்கள். ஐவரின் உடல்கள் கிடைத்தன, ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்கள் ஊர் பேர் தெரியாமல் வந்த சுற்றுலாப் பயணிகள் அல்ல, மலையோடு பழகியவர்கள். வழிகாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3,500 மீட்டர் உயரத்தில் புயல் ஒன்றுதான்.

செயற்கைக்கோள் வழிகாட்டி, கைபேசி வரைபடம் எல்லாம் வந்துவிட்டதே, இனி மனித வழிகாட்டி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. நிற்கும் இடம் எது என்று கருவி துல்லியமாகச் சொல்லும். அந்த இடத்தில் நிற்கலாமா என்று சொல்லாது. போன ஆண்டு யாரோ பதிவுசெய்த தடம் இந்த ஆண்டும் பத்திரமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. பனியாறுகளே மாறிக்கொண்டிருக்கின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. பனி வற்ற வற்ற, பழைய வழிகளில் பாறை தலைகாட்டுகிறது, கணவாயின் அடியில் புதுப் பள்ளம் விழுகிறது. பத்து ஆண்டுக்கு முன் அச்சான வழிகாட்டி நூலே சில இடங்களில் பழங்கதையாகிவிட்ட நிலையில், நேற்று அந்த வழியாகப் போன ஆளின் வார்த்தைக்குத்தான் மதிப்பு. அந்த வார்த்தைகள் குடில்களில் வழிகாட்டிகளுக்குள் இரவு நேரப் பேச்சில் கைமாறுகின்றன. எந்தச் செயலியிலும் அது கிடைக்காது.

மூன்றாவது வாதம்தான் வலுவானது. "பணம் வாங்கிக்கொண்டு பயணத்தை முடிக்காமல் விடுவது நியாயமா? மழை வந்தால் மாட்ச் நடக்காவிட்டால்கூட டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கிறதே?" கேள்வி நியாயமானதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் மருத்துவரிடம் போகிறவர் அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிப் பணம் கட்டுவதில்லை. அறுவை வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார். 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிய மருத்துவரிடம் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. நிம்மதிப் பெருமூச்சோடு வீட்டுக்குப் போகிறார்கள். மலையில் மட்டும் அந்த நிம்மதி ஏன் வருவதில்லை? தப்பித்த ஆபத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தான். வராத பனிச்சரிவுக்குப் புகைப்படம் கிடையாது.

என்ன செய்யலாம்?

பயணம் நடத்தும் நிறுவனங்கள் முதலில் விளம்பரத்தை மாற்ற வேண்டும். 'ஷாமொனியிலிருந்து ஸெர்மாட் வரை' என்று ஊரை விற்பதற்குப் பதில் 'ஆல்ப்ஸ் பனியாறுகளில் ஆறு நாட்கள்' என்று நாட்களை விற்கலாம். திட்டம் மாறினால் போகக்கூடிய மாற்று வழிகளையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். வின்யெத் குடிலிலிருந்து கடைசி நாள் போக முடியாவிட்டால் அரோலா கிராமத்துக்கு இறங்கி, பஸ்ஸிலும் ரயிலிலுமாக ஸெர்மாட் போய்ச் சேரலாம். அது தோல்வியல்ல, திட்டத்தின் ஒரு பகுதி என்பதைப் பணம் கட்டும்போதே சொல்லிவிட்டால் பாதிக் கோபம் குறைந்துவிடும்.

ஒரு நாளையாவது உதிரியாக வைத்துத் திட்டமிட வேண்டும். ஏழு நாள் பயணத்துக்கு ஏழே நாள் விடுப்பு எடுத்து வருகிறவர், தன்னை அறியாமலே வழிகாட்டியின் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருகிறார்.

வருகிறவர்களின் உடல் தகுதியும் இதில் சேரும். ஒருவர் மெதுவாக நடந்தால் எல்லோருமே மெதுவாக நடக்க வேண்டும். காலையில் இழந்த ஒரு மணி நேரம் மதியம் இளகிய சரிவில் வந்து நிற்கும். "எப்படியாவது சமாளித்துவிடுவேன்" என்று தன் திறமையை மிகைப்படுத்திச் சொல்லிச் சேர்ந்துகொள்வது, உண்மையில் மற்ற ஐந்து பேரிடம் பொய் சொல்வதுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அதற்குச் செலவே கிடையாது. பயணத்தின் முதல் நாள் மாலை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது குழுவில் ஒருவர் வழிகாட்டியைப் பார்த்து, "நீங்கள் திரும்பலாம் என்று சொன்னால் நாங்கள் யாரும் ஏன் என்று சண்டை போட மாட்டோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியம் அவர் தோளில் இருக்கும் பாதிப் பாரத்தை இறக்கிவிடும். அவர் அடுத்த ஆறு நாட்கள் பனியை மட்டும் பார்க்கலாம், முகங்களைப் பார்க்க வேண்டியிருக்காது. திரும்பி வந்தபின் நிறுவனத்துக்குக் கருத்து எழுதுகிறவர்களும், 'சிகரம் ஏற்றிவிட்டார், ஐந்து நட்சத்திரம்' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், 'திரும்பிப் போகச் சொன்னார், ஐந்து நட்சத்திரம்' என்றும் எழுதப் பழக வேண்டும். அதைப் பார்க்கும் அடுத்த வழிகாட்டிக்கும் தைரியம் வரும்.

மாட்டர்ஹார்ன் எங்கும் ஓடிப்போய்விடாது. ஓட் ரூட் அடுத்த ஆண்டும் இருக்கும். பனியாறுகள் சற்று மெலிந்திருந்தாலும் வழி இருக்கும். அதைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்ஸிலும் ரயிலிலுமாக ஸெர்மாட் போய் இறங்கிய ஆறு பேர், முகம் வாடி, காப்பிக் கடையில் உட்கார்ந்து மேகத்துக்குள் மறைந்துகிடக்கும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்களோடு வந்த வழிகாட்டி அன்று தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அன்றைய கூலியை அவருக்கு முழுதாகக் கொடுக்க வேண்டும். முடிந்தால் ஒரு காப்பியும் சேர்த்து வாங்கிக் கொடுக்கலாம்.